வட்டத்துக்கு எது மேல் பக்கம்

அக்காவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தவன், முதலில் எழுந்துபோய் தலைக்கு மேலே இருந்த காலண்டரை நேராக்கிவிட்டு வந்தேன். பெரிய கோணல் ஒன்றும் இல்லை. விட்டிருந்தால் வருஷக் கடைசி வரைக்கும் அப்படியே தொங்கியிருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கோணல் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அந்த அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் போதாது. மகள் வீட்டோடு ஓசூர் பக்கம் போய்விட்டவர்தான், என் புதுக்கடையை அவர் பார்த்ததுகூடக் கிடையாது. இருந்தாலும் எப்படியாவது தெரிந்துவிடும்.

அப்போது கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு செல்ஃபோன் கடை இருந்தது. ரிப்பேர், ரீசார்ஜ், கவர், கண்ணாடி ஒட்டுவது, இதெல்லாம்தான். பக்கத்துக் கடை அக்காவுடையது. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்கள் படம், எதைக் கொண்டுபோனாலும் சட்டம் போட்டுக் கொடுப்பார். கொடுத்ததோடு விட மாட்டார். வீட்டுக்கே வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, தானே ஆணி அடித்து மாட்டுவார். இறங்கி நாலடி பின்னால் தள்ளி நின்று பார்ப்பார். "நேரா இருக்குது" என்பார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்கள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிப்பார். நேராக இருக்கிறதா என்று ஒருத்தரையும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

கைப்பையில் சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியும் இருக்கும், அதுதான். ஆனால் அது அவருக்காக இல்லை, நம்பாத ஜனங்களுக்காக. அவர் கண்ணால் பார்த்து மாட்டி முடித்த பிறகு, யாராவது முகத்தைச் சுளித்தால் ரசமட்டத்தை எடுத்துப் படத்தின் மேல் வைப்பார். குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும். அக்கா அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்.

தான் மாட்டிய படம்தான் என்றில்லை. ஊரில் எந்தச் சுவரில் எது சாய்ந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை ரேஷன் கார்டில் பேர் திருத்த ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி என்னவோ கேட்கிறார், அக்காவின் பார்வை அவர் தலைக்கு மேலே நிற்கிறது. அங்கே ஒரு தலைவர் படம் லேசாகச் சாய்ந்திருந்தது. "ஐயா, செத்த நவுருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறிவிட்டார்.

"இன்னாம்மா பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"உங்க தலைக்கு மேல சாஞ்சிக்கினு இருக்குதுங்க. வுழுந்தா உங்களுக்குத்தான அடி?"

அதிகாரி எழுந்து நகர்ந்து நின்றார். எங்கள் வேலை அன்றைக்கே முடிந்தது. பயந்துபோய் முடித்தாரோ, பிடித்துப்போய் முடித்தாரோ, தெரியாது.

மணலூர்பேட்டையில் ஒரு சாவு வீட்டில் நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். செத்துப்போனவர் அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம். கூடத்தில் பிணத்தைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள், அக்காவும் நிஜமாகவே அழுதுகொண்டிருக்கிறார். நடுவில் தலையைத் தூக்கியவர் கண்ணில் சுவர்க் கடிகாரம் பட்டுவிட்டது. எழுந்து, கூட்டத்தைத் தாண்டிப்போய், ஸ்டூலில் ஏறி அதை நேராக்கிவிட்டு, வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார். கூடப் போயிருந்த எனக்கு மானம் போயிற்று. ஆனால் காரியம் முடிந்த அன்று செத்தவரின் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கடியாரத்த நேராக்கறேன் நேராக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தாருக்கா. அவர எடுத்துக்கினு போறதுக்குள்ள நீயாவது செஞ்ச."

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா என்று ஒருநாள் கேட்டேன். கட்டிக்கொண்டு வந்தது என்றார். படக்கடையை ஆரம்பித்தது அவர் வீட்டுக்காரர். மனுஷன் சட்டம் போடுவதில் கெட்டிக்காரர், மாட்டுவதில் மோசம். எதை மாட்டினாலும் சாய்ந்துதான் நிற்கும். "அவரு மாட்டுவாரு, பின்னாலயே போயி நான் நேராக்குவேன். கல்யாணமானதுல இருந்து இதான் தம்பி எங்க குடும்பம்." ஒருமுறை கல்யாணப் படம் ஒன்றை மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து அவருக்கு மூக்கு உடைந்ததாம். சேர்ந்தபிறகும் மூக்கு ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. "அத மட்டும் என்னால நேராக்க முடியல" என்பார் அக்கா. நான் கடை போடுவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அக்காவின் மேஜைக்கு மேலே அந்த மூக்கோடுதான் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். தினம் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அக்கா முதல் வேலையாக அந்தப் படத்தைத் துடைத்து, சுண்டுவிரலால் ஒரு ஓரத்தைத் தொட்டு நேராக்கி, ஒரு முழம் பூ வைப்பார். அதில் நேராக்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் தொடுவார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்டல் பிரிண்ட் வந்தது. ஒரு சேல்ஸ்மேன் ஆல்பத்தோடு அக்கா கடைக்கு வந்து மேஜையில் பரப்பினான். அலுமினியத் தகட்டிலேயே படத்தை ஏற்றிவிடுகிறார்கள். சட்டம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பூச்சி அரிக்காது, ஈரம் ஏறாது, துடைத்தால் புதுசு. ஓடுகிற ஏழு குதிரை, அருவி, புத்தர் முகம் என்று வரிசையாகக் காட்டியவன், மாதிரிக்காக ஒரு தகட்டை விட்டுவிட்டுப் போனான். பெரிய தோசைக்கல் அகலத்துக்கு வட்டமாக வெட்டிய தகடு. கன்னங்கரேலென்ற வானம், பொடிப்பொடியாக நட்சத்திரம், நடுவில் ஒரு பெரிய வளையம். வளையத்தின் வெளி ஓரம் சிவப்பு, உள்ளே வர வர ஆரஞ்சு, அதற்கும் உள்ளே நீலமும் பச்சையும். நட்டநடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. வெளிச்சம் பட்டால் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பின்பக்கம் அம்புக்குறி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்தார். என்னிடம் கொடுத்து, "எது தம்பி மேல் பக்கம்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? கம்பெனிக்கே ஃபோன் போட்டார். எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம் மேடம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எப்டி வேணா மாட்டலாம்னா அது இன்னாடா படம்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், ஏதோ நான் அச்சடித்த மாதிரி.

யாரும் வாங்க மாட்டார்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் புது வீட்டு வாசலுக்குத் திருஷ்டி படம் கேட்டு வந்தார். பூதம், பிள்ளையார் எல்லாம் காட்டினோம். அவர் கண் மூலையில் கிடந்த வட்டத் தகட்டின் மேலேயே இருந்தது.

"இது கண்ணு மாரியே இருக்குதுங்களே. இத மாட்டினா எவன் கண்ணும் நம்ம வூட்டு மேல படாது."

"இது கண்ணு இல்லீங்க, வானத்துல இருக்கற எதோ ஒண்ணு" என்றார் அக்கா.

"வானத்துல இருந்து பாக்கற கண்ணுன்னா இன்னும் ஜாஸ்தி பவருங்க" என்றார் அவர். அவருக்கு ஒன்று தருவித்துக் கொடுத்தோம். அப்புறம் அவர் மச்சான் வந்தார், மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கொஞ்ச காலத்தில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து மணலூர்பேட்டை வரைக்கும் புது வீட்டு வாசல்களில் பூசணிக்காய் இருந்த இடத்தில் நட்சத்திர வளையம் ஏறிவிட்டது. சில வீடுகளில் அதற்குக் கீழேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். ஆனால் ஒரு வாசலிலும் "நேரா இருக்குது" என்று சொல்லவில்லை. வட்டத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தண்ணீர் குடிக்காமலேயே வந்துவிடுவார்.

அந்த வருஷம்தான் அக்கா கொத்தனார்களைத் திட்ட ஆரம்பித்தார். "இப்ப கட்றவன் எவனும் செவுத்த நேரா கட்றதில்ல. நடுவுல வயிறு தள்ளிக்கினு நிக்குது." நானும் ஆமாம் போட்டேன். ஒருநாள் என் கடைக்கு வந்து, வாசலில் நேராகத் தொங்கிய என் போர்டைத் தொட்டு ஒரு பக்கம் இறக்கிவிட்டு, "நேரா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஜனங்கள் ஒவ்வொருத்தராக என் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். "தம்பி, அக்கா மாட்டிட்டுப் போன படம் சாஞ்சிக்கினு இருக்குது. அதுங்கிட்ட சொல்ல சங்கடமா இருக்குது. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அக்காவுக்குக் கண்ணில் ஏதோ ஆகிவிட்டது. எனக்கு அது புரிந்தது, ஊருக்கும் பாதி புரிந்தது, அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று ஒருமுறை வாயைத் திறந்தேன். "எங்கண்ணுக்கு இன்னா வந்துது? ஊசியில நூலு கோக்கறேன் பாரு" என்று கோத்தும் காட்டிவிட்டார். அந்தக் கண்தான் அவருக்குக் கடை. அது பழுது என்று ஊருக்குத் தெரிந்தால் யார் மாட்டக் கூப்பிடுவார்கள்? அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்கா மாட்டிவிட்டு வந்த வீடுகளுக்கு மறுநாள் சார்ஜர் கொடுக்கப் போகிற மாதிரிப் போய், படத்தை நேராக்கிவிட்டு வந்துவிடுவேன். யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஜனங்கள் எதை வேண்டுமானாலும் வெளியே சொல்லிவிடுவார்கள், இதைச் சொல்லவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒருவர் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். மலை ஈரத்தில் காகிதப் படமெல்லாம் பூத்துப்போகும், மெட்டல்தான் சரி என்று வரவேற்பு அறைச் சுவருக்கு அதே நட்சத்திர வளையத்தைக் கேட்டார். ஆனால் வட்டத் தகடாக இல்லை. ஒரே படத்தை மூன்று நெட்டுத் தகடாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் மாட்டுகிற மாதிரி. மூன்றும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் வளையம் சேரும். நானும் வருகிறேன் என்று கடையைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அக்கா என்னை ஆணியைக்கூடத் தொட விடவில்லை. தானே அளந்தார், தானே அடித்தார், தானே மூன்றையும் மாட்டினார். இறங்கி நாலடி பின்னால் வந்து நின்றார். நடுத்தகடு ஒரு பக்கமாக இறங்கி, வளையம் இரண்டு இடத்தில் உடைந்துபோய்த் தெரிந்தது.

"நேரா இருக்குது" என்றார் அக்கா.

வேலை செய்துகொண்டிருந்த மலைக்காரக் கொத்தனார்தான் மெதுவாகச் சொன்னார். "வளையம் சேரலீங்களேம்மா."

அக்கா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. "இது கெட்டுப்போச்சி" என்றார். கொத்தனார் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலும் அப்படியே. அக்கா அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். விடுதிக்காரர் நல்ல மனுஷன், சங்கடத்தைப் போக்க நினைத்து என்னிடம் திரும்பினார்.

"பரவால்லீங்கண்ணா. கள்ளக்குறிச்சில எங்க சித்தி வூட்டுலயும் அம்மா மாட்டுனப்புறம் நீங்கதான வந்து நேராக்கிட்டுப் போனீங்க? அப்டியே இதையும் பண்ணிடுங்க."

அவ்வளவுதான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். போய் ஓரமாக ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். நான் தகடுகளை இறக்கி மறுபடியும் மாட்டினேன். வளையம் சேர்ந்தது. விடுதிக்காரர் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். "இதுக்குப் பேரு பிளானட்டரி நெபுலாம்மா. பேருதான் அப்டி, கிரகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நம்ம சூரியன் மாரி ஒரு நட்சத்திரம் வயசாயி அடங்கும்போது, மேல இருக்கறதயெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய வுட்டுடும். அதான் இந்த வளையம். நடுவுல வெள்ளையா தெரியுது பாருங்க, அதான் நட்சத்திரத்துல மிச்சம்." அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கவில்லை.

திரும்பும்போது கோமுகி அணை வந்தது. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினி வூடு?"

"கொஞ்சந்தான்க்கா."

"அவரு பின்னால நான் திரிஞ்சேன். இப்ப எம்பின்னால நீயா?"

"அக்கா, உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"நான் அவருகிட்ட சொல்லிட்டுத்தான்டா நேராக்குவேன். கோணலா மாட்டி இருக்கய்யான்னு மொகத்துக்கு நேரா சொல்லுவேன். நீ ஏன் சொல்லாம செஞ்ச? ஊரே கூடி எனக்குப் பாவம் பாத்துக்கினு இருந்தீங்களா?"

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காலையில் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்கும், சாயங்காலம் இறக்குகிற சத்தம் கேட்கும். மாட்டக் கூப்பிடுகிறவர்களிடம் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். என் போர்டு ஒருநாள் காற்றில் சாய்ந்தது. அவர் நேராக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு காலையில் டீக்கடையில் பேச்சாகக் கிடந்தது. அக்கா புருஷன் படத்தை இறக்கிவிட்டார். அந்த இடத்தில் வட்டத் தகட்டை மாட்டி, அதற்குப் பூ வைத்திருக்கிறார். "கட்னவன் படத்த எடுத்துட்டு எதையோ மாட்டிக்கினு கும்புடுது, இந்தம்மாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சி" என்றான் ஒருவன். அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு நேராக அக்கா கடைக்குப் போனேன். அவன் சொன்னது நிஜம்தான். மேஜைக்கு மேலே அந்தச் சிவப்பும் நீலமும் எரிந்துகொண்டிருந்தது, அதன் மேல் ஒரு முழம் பூ. அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன்; அண்ணன் படம் துணியில் சுற்றி மேஜைக்கு அடியில் இருந்தது.

"இன்னாக்கா இது?" என்றேன்.

பதில் வராது என்று நினைத்தேன். வந்தது. "மொகம் கோணலா தெரியுது தம்பி. கண்ணு ஒரு பக்கம் கீழ எறங்கி, வாயி இழுத்துக்கினு, வேற யாரோ மாரி இருக்காரு. தெனம் காலைல பூ வெக்கறப்ப பயமா இருக்குது. எம் புருசன் மொகத்தப் பாத்து நான் பயப்படலாமா?" தகட்டைக் காட்டினார். "இது கோணினாலும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அந்த விடுதிக்காரரு சொன்னாருல்ல, எல்லாம் போயி நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்குதுன்னு. அதான், இது இருக்கட்டும்னு மாட்டிக்கினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே அழுதேன், வெட்கமில்லை. "கோணலா தெரியறது அண்ணன் இல்லக்கா, உங்க கண்ணு. வாங்க, காட்டிடலாம்" என்றேன். இந்த முறை அக்கா ஊசியில் நூல் கோத்துக் காட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். கோடெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். அக்கா தாளையே பார்த்தார். "வளையுதுங்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார். மற்றக் கண்ணிலும் கொஞ்சம் கம்மியாக, ஆனால் வளைந்தது. சர்க்கரையால் கண்ணுக்குள் பின்பக்கம் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாசாமாசம் வர வேண்டும், நேராகலாம், ஆகாமலும் போகலாம். சீக்கிரமே வந்திருந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னபோது அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கண்ணின் உட்பக்கத்தைப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் காட்டினார்கள். கறுப்பு நடுவே ஆரஞ்சு நிறத்தில் பெரிய வட்டம், ஓரத்தில் வெளிச்சமாக ஒரு பொட்டு. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, நம்ம படம் மாரியே இருக்குது பாருடா" என்றவர், டாக்டரம்மாவிடம் கேட்டார்: "இதுல எது மேல் பக்கங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா மட்டும் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

ஊசிக்கு நான்தான் கூடப் போனேன். முதல்முறை கண்ணுக்குள்ளேயா என்று நடுங்கியவர், அப்புறம் பழகிக்கொண்டார். ஒருமுறை வார்டில் சாய்ந்திருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டி, "அது சாஞ்சிருக்குதா, எனக்குத்தான் அப்டி தெரியுதா?" என்று என் காதில் கேட்டார். சாய்ந்துதான் இருந்தது. கண்ணில் கட்டோடு போய் அதை நேராக்கிவிட்டு வந்தார். கடையில் தகடுதான் இருந்தது, பூ மாறிக்கொண்டே இருந்தது. அண்ணன் படம் மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிட்டார். போனேன். வட்டத் தகட்டை ஒரு முழம் தள்ளி மாட்டிவிட்டு, ஸ்டூலில் ஏறி, பழைய ஆணியில் அண்ணன் படத்தை மாட்டிக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. அங்கிருந்தே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நேரா இருக்குதா தம்பி?"

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கோமுகி அணைப் பக்கம் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது.

"இல்லக்கா. வலது பக்கம் ஒரு நூல் தூக்கணும்."

சுண்டுவிரலால் தூக்கினார். போதும் என்றேன். இறங்கி நாலடி பின்னால் வந்து நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை.

"கண்ணு செரியா இருக்குது. வாயி செரியா இருக்குது. மூக்கு மட்டும் இன்னும் கோணலா தெரியுது தம்பி. அது எங்கண்ணா, அவரு மூக்கா?"

"அது அவரு மூக்குதான்க்கா."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.